படைவீரர் சேவைப் பதிவுகளும் கண்டி மாநகரும்: ஒரு வரலாற்று நோக்கு

படைவரலாற்றை எழுதப் புகுவோர் போர்களையும் தளபதிகளையும் முதன்மைப்படுத்துவது வழக்கம். படையில் நின்ற தனிமனிதனைப் பற்றிய எழுத்து அவர்தம் கவனத்திற்கு வருவது அரிது. ஆயினும், ஒருவன் எந்நாளிற் படையிற் சேர்ந்தான், எவ்வெவ்விடங்களுக்கு அனுப்பப்பட்டான், எந்நோயால் வருந்தினான், என்ன தண்டனை பெற்றான், எந்நாளில் விடுவிக்கப்பட்டான் என்பவற்றைக் குறித்து வைத்திருக்கும் சேவைப் பதிவே அவனுக்கும் அரசுக்கும் இடையில் நிலவிய உறவின் எழுத்துச் சான்றாகும். ஓய்வூதியம், ஊனமுற்றோர் படி, கைம்பெண் உதவி ஆகிய யாவும் அச்சான்றின் அடிப்படையிலேயே வழங்கப்படுவன. ஆதலின், முன்னாட் படைவீரர் ஒருவரின் சேவைப் பதிவுக்குப் பிரதி கேட்பது குடும்பப் பெருமையைத் தேடும் முயற்சி மாத்திரமன்று. ஓர் உரிமையை நிலைநாட்டும் செயலுமாகும். அவ்வுரிமை யாருக்கு எளிதிற் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காது போயிற்று என்பதைக் கண்டி மாநகரையும் அதன் சூழலையும் களமாகக் கொண்டு ஆராய்வது ஈண்டு நோக்கமாகும்.

கண்டி இராச்சியத்திற் சேவையும் எழுத்தும் பிரிக்கவொண்ணாதனவாய் இருந்தன. நிலத்தை அனுபவிப்போர் அதற்கு ஈடாக அரசனுக்குச் சேவை புரியும் இராசகாரிய முறை அங்கு நிலவியது. எவர் எந்நிலத்தை எச்சேவைக்கு ஈடாக வைத்திருந்தார் என்பது லேகம் மிட்டி எனப்பட்ட ஓலைப் பதிவேடுகளில் எழுதி வைக்கப்பட்டது. லேகம் என்னும் சொல் எழுத்தரையும் அவர் தலைமையில் அமைந்த பிரிவையும் ஒருங்கே குறித்தது. படைசார்ந்த பிரிவுகளும் இத்தகைய லேகம்களின் பொறுப்பிலேயே இருந்தன. வெடிக்கார லேகம், கொடித்துவக்கு லேகம் என்ற பதவிப் பெயர்கள் இதனை உணர்த்தும். பிரித்தானியரின் கண்டி வதிவிடப் பிரதிநிதியாக விளங்கிய சேர் ஜோன் டொயிலி, கண்டி இராச்சியத்தின் அமைப்பைப் பற்றி எழுதிய குறிப்புகளில் இப்பிரிவுகளை விவரித்துள்ளார். 1824இல் இறந்த அவர் கண்டியிலுள்ள பிரித்தானியப் படையினர் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விவரித்த முறையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பதிவேட்டிற் பெயர் இருப்பவன் நிலத்தின்மீது உரிமை கோரலாம். பெயர் இல்லாதவனுக்கு அவ்வுரிமையை நாட்டுதல் கடினம். சேவைப் பதிவு என்பது நினைவுக் குறிப்பாகப் பிறந்ததன்று. அது உரிமைச் சாசனமாகவே பிறந்தது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. அரசுக்குரிய இராசகாரியம் 1832இல் நீக்கப்பட்டது. நிலத்திற்கு ஈடாகச் சேவை என்ற முறை மறைந்து, சம்பளத்திற்குச் சேவை என்ற முறை வலுப்பெற்றது. சம்பளம் கொடுக்கும் படைக்கு ஆட்பட்டியல் இன்றியமையாதது. இலங்கையில் மலாயரைப் பெருந்தொகையாகக் கொண்டு அமைந்த றைபிள் படை 1873இற் கலைக்கப்படும் வரை, அதன் ஆட்பட்டியல்கள் காலந்தோறும் எழுதப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அப்படையினரின் வரலாற்றை ஆராய்ந்த பி. ஏ. ஹுசைன்மியா 1990இல் வெளியிட்ட 'ஓராங் றெஜிமென்' என்ற நூல், படைப்பிரிவு ஒன்றின் வரலாற்றினூடாக ஒரு சமூகத்தின் வரலாற்றையே எழுதிவிடலாம் என்பதை மெய்ப்பித்தது. ஆனால் இவ்விடத்து ஒரு மாற்றத்தைக் கவனித்தல் வேண்டும். லேகம் மிட்டி சேவை செய்தவன் வாழ்ந்த நாட்டிலேயே இருந்தது. ஆட்பட்டியலோ கடல் கடந்து சென்றது. தன்னைப் பற்றிய எழுத்தைத் தான் காணவியலாத நிலை படைவீரனுக்கு அன்று தொட்டே தோன்றியது.

பெருந்தோட்டக் காலத்தில் இவ்வேற்றுமை மேலும் கூர்மையடைந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900இல் இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் துரைமார் மாத்திரமே அதில் இடம்பெற்றனர். முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் அப்படையைச் சேர்ந்த ஏறத்தாழ 230 பேர் எகிப்துக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு கலிப்போலிப் போர்முனையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதியான பேர்ட்வுட்டிற்குக் காவலாகவும் அவர்களிற் சிலர் நின்றனர். இப்படையினரைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளிலும் பதக்கப் பட்டியல்களிலும் இடம்பெற்றன. 1949இற் படை கலைக்கப்பட்ட பின்னரும் அவர்தம் வரலாறு மறைந்துவிடவில்லை.

அதே துரைமாரின் தோட்டங்களிற் கண்டிச் சீமைக்கு வந்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றியும் எழுத்துகள் இருந்தன. ஆயின் அவை வேறு வகையின. பெயர் கூப்பிட்டு வேலை பதியும் செக்ரோல் ஒன்று. கடன் தொகையைக் குறித்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும்போது கூடவே சென்ற 'துண்டு' மற்றொன்று. இத்துண்டு முறை 1921இற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரே மலையில், ஒரே காலத்தில், ஒருவனுடைய எழுத்து அவன் நாட்டுக்குச் செய்த சேவையைக் கூறிற்று. மற்றவனுடைய எழுத்து அவன் கங்காணிக்குத் தரவேண்டிய கடனைக் கூறிற்று. 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களின் கீழ்த் தம் பிறப்பையும் வதிவையும் எழுத்தால் நிரூபிக்கும்படி கேட்கப்பட்டபோது, மலையகத் தமிழர் பட்ட இன்னலுக்கு இப்பழைய வேற்றுமையும் ஒரு காரணமாகும். எனவே ஆவணம் பற்றிய வினா கண்டி மலைநாட்டில் வெறும் ஆய்வு வினாவாக ஒருபோதும் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப்போர் கண்டியின் நிலையை முற்றாக மாற்றியது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும் 9ஆம் நாள் திருகோணமலையும் யப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. 1943இல் அமைக்கப்பட்ட தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944 ஏப்ரலில் தில்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அதன் அலுவலகங்கள் எழுந்தன. கட்டளைத் தளபதி மவுண்ட்பேற்றன் பிரபு கண்டியிலிருந்த அரச மாளிகையில் தங்கினார். பர்மாவிலும் மலாயாவிலும் யப்பானியருக்கு எதிராக நடைபெறவேண்டிய போர்கள் மகாவலிக் கரையிலே திட்டமிடப்பட்டன. 1945இன் பிற்பகுதியிற் கட்டளையகம் சிங்கப்பூருக்குச் சென்றது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் கண்டித் தெருக்களிற் பிரித்தானியர், இந்தியர், அமெரிக்கர், ஆப்பிரிக்கர், இலங்கையர் எனப் பல நாட்டுப் படையினர் நடமாடினர். கென்யா, உகாண்டா, தங்கனிக்கா, நியாசலாந்து முதலிய நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்கப் படையினர் இலங்கையிற் பயிற்சி பெற்றுப் பர்மாப் போர்முனைக்குச் சென்றனர். அவர்களுட் பலர் இத்தீவின் கரையைக்கூடக் காணவில்லை. மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெடீவ் இஸ்மாயில் என்னும் கப்பல் 1944 பெப்ரவரி 12ஆம் நாள் மாலைதீவுக்கு அண்மையில் யப்பானிய நீர்மூழ்கியாற் தாக்கப்பட்டு மூழ்கியபோது, கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர் உட்பட 1,297 பேர் மாண்டனர்.

போர் முடிந்ததும் படைகள் கலைந்தன. அவர்களோடு அவர்களைப் பற்றிய தாள்களும் கலைந்தன. பிரித்தானியரின் கோவைகள் இங்கிலாந்துக்குச் சென்றன. இந்தியப் படையிற் பிரித்தானிய ஆணையுடன் பணியாற்றிய அதிகாரிகளின் பதிவுகள் இந்திய அலுவலகச் சுவடிகளாக இலண்டனில் உள்ளன. சாதாரண சிப்பாய்களின் பதிவுகள் அவ்வப் படைப்பிரிவின் பதிவலுவலகங்களுக்கு உரியன. சென்னைப் படைப்பிரிவிற் சேவை செய்த தமிழ்ச் சிப்பாய்க்கு நீலகிரியிலுள்ள வெலிங்டனே அவ்விடம். அமெரிக்கரின் கோவைகள் சென் லூயிஸ் நகருக்குச் சென்றன. இலங்கைப் பாதுகாப்புப் படையினரோ குடியேற்ற நாட்டு அரசாங்கத்தின் கீழிருந்தவர்கள். ஆகவே, கண்டியிற் கூடிய ஒரு தலைமுறையின் வரலாறு இன்று பல கண்டங்களில் உள்ள அலுவலகங்களிற் சிதறிக் கிடக்கின்றது.

சிதறியவை யாவும் தப்பிப் பிழைத்தன எனவும் கூறுவதற்கில்லை. 1940 செப்டெம்பரில் இலண்டனிலிருந்த போர்த் திணைக்களக் களஞ்சியம் செருமானியரின் குண்டுவீச்சுக்கு இலக்காகித் தீப்பற்றியது. முதலாம் உலகப்போரிற் பணியாற்றிய சாதாரண தரத்தினரின் பதிவுகளிற் பாதிக்கு மேற்பட்டவை அழிந்தன. நெருப்பாலும் நீராலும் சிதைந்து எஞ்சியவை 'எரிந்த ஆவணங்கள்' என்ற பெயராலேயே ஆய்வாளரிடையே வழங்கப்படுகின்றன. 1914இற் கண்டியிலிருந்து புறப்பட்ட ஒருவரின் கோவையைத் தேடுவோர் முதலில் எதிர்கொள்வது இவ்விழப்பையே. ஆயின் பதக்கங்களுக்கான பதிவட்டைகள் தப்பின. அதனால் ஒருவரின் பெயர், இலக்கம், தரம், படைப்பிரிவு ஆகியவற்றை அறியவேனும் வழி பிறந்தது.

இதனை ஒத்த பேரிழப்பு 1973 யூலை 12ஆம் நாள் சென் லூயிஸ் நகரில் நேர்ந்தது. அங்கு மூண்ட தீயில் 1 கோடியே 60 இலட்சத்துக்கும் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட தொகையான கோவைகள் அழிந்தன. 1912இற்கும் 1960இற்கும் இடையில் விடுவிக்கப்பட்ட அமெரிக்கத் தரைப்படையினரின் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அவற்றுள் அடங்கும். விமானப்படையினரின் கோவைகளுக்கு நேர்ந்த கதி இன்னும் வியப்புக்குரியது. ஆங்கில நெடுங்கணக்கில் 'எச்' என்னும் எழுத்தின் பிற்பகுதியிலிருந்து தொடங்கும் பெயர்களே பேரழிவுக்கு உள்ளாயின. அதற்கு முற்பட்டவை தப்பின. பெயரின் முதலெழுத்தே ஒருவரின் வரலாறு நிலைப்பதற்கும் அழிவதற்கும் காரணமாயிற்று. படிகளோ நுண்படச் சுருள்களோ எடுத்து வைக்கப்படாமையால் மூலம் அழிந்தபோது அனைத்தும் அழிந்தன. எனினும் அங்குள்ள பதிவலுவலகத்தினர் முயற்சியைக் கைவிடவில்லை. சம்பளச் சிட்டைகள், மருத்துவமனை அனுமதிப் பதிவுகள், படைப்பிரிவுகளின் நாளறிக்கைகள் முதலியவற்றிலிருந்து ஒருவரின் சேவையை மீளக் கட்டியெழுப்பும் முறையை வகுத்தனர். மூல ஆவணம் அழிந்தால் வரலாறு முடிந்தது என்னும் கருத்து பிழையானது என்பதற்கு இம்முறை தக்க சான்றாகும்.

கண்டியில் பணியாற்றிய அமெரிக்கருள் ஒருவரின் கோவை தீக்கு இரையாகாது இன்று எவரும் காணக்கூடியதாய் உள்ளது. யூலியா மக்வில்லியம்ஸ் என்னும் பெண்மணி, அமெரிக்கப் போர்க்கால உளவு நிறுவனத்தின் கண்டி அலுவலகத்தில் 1944இற் பதிவுக்கூடப் பொறுப்பை ஏற்றார். கிழக்காசியப் போர்முனையிலிருந்து வந்து குவிந்த இரகசியத் தாள்களை வகைப்படுத்திப் பேணுவதே அவருடைய பணி. அவர் சீருடைப் படையினர் அல்லர், குடிசார் ஊழியரே. பிற்காலத்தில் யூலியா சைல்ட் என்ற பெயரிற் சமையற்கலை எழுத்தாளராய்ப் புகழடைந்தார். அவ்வுளவு நிறுவனத்தின் ஊழியர் கோவைகள் நெடுங்காலம் மூடி வைக்கப்பட்டிருந்து, 2008 ஓகத்தில் அமெரிக்க தேசிய சுவடிக்கூடத்தால் திறந்துவிடப்பட்டன. ஏறத்தாழ 24,000 பேரின் கோவைகளுள் அவருடையதும் ஒன்று. கண்டியிலே பிறருடைய தாள்களைப் பேணியவரின் சொந்தத் தாளும் பேணப்பட்டது. அதே நகரில் அதே ஆண்டில் காவல் நின்ற ஆப்பிரிக்க வீரனுக்கும், பாரவண்டி ஓட்டிய இலங்கை வீரனுக்கும் இந்நற்பேறு வாய்ப்பது அரிது.

இவ்வேற்றுமையைக் கல்லிலும் காணலாம். கண்டித் தெய்வேனி இராசசிங்க மாவத்தையில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 200 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பிரித்தானியர், கிழக்கு ஆப்பிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனேடியர், இத்தாலியர் எனப் பலரும் அங்குள்ளனர். தரமும் இனமும் கருதாது அனைவருக்கும் ஒரே தன்மையான நினைவுக்கல் என்பது கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் கொள்கை. பெயர், தரம், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு கல்லும் சேவைப் பதிவின் சுருக்கமேயாகும். ஆணைக்குழுவின் பதிவேடுகளை எவரும் பார்வையிடலாம். ஆகவே போரில் இறந்தவரின் தடத்தைக் காண்பது எளிது. போரிற் தப்பி ஊர் திரும்பியவரின் தடமே எளிதிற் கிட்டாதது. கனடாவில் இரண்டாம் உலகப்போரில் மாண்டோரின் கோவைகள் பொதுமக்களுக்குத் திறந்துள்ளன. உயிர் தப்பியோரின் கோவைகளுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. தனிமனிதரின் மறைவடக்கத்தைக் காக்கும் நியாயமான விதியே இது. எனினும் அதன் விளைவாக, மாண்டவர் வரலாற்றிலும் வாழ்ந்தவர் மறதியிலும் இடம்பெறுவதைக் காண்கின்றோம்.

ஒரே தன்மையான கல் என்ற கொள்கைகூட எங்கும் கடைப்பிடிக்கப்படவில்லை. ஆணைக்குழுவே அமைத்த ஒரு சிறப்புக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரருள் குறைந்தது 116,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என ஒப்புக்கொண்டது. அத்தொகை 350,000 வரை இருக்கலாம் எனவும் அது கூறியது. இரண்டாம் போரின் முடிவிற் கிழக்கு ஆப்பிரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்ட விடுவிப்புப் பணிக்கொடை இன அடிப்படையிற் கணிக்கப்பட்டமையும், ஒரே தரத்தில் நின்ற வெள்ளையருக்கு ஏறத்தாழ மும்மடங்கு கொடுக்கப்பட்டமையும் 2019இல் வெளிவந்த ஆவணங்களால் தெரியவந்தன. அதனைக் கண்டறிய உதவியதும் தாளே. அநீதி இழைத்தவர்கள் அதற்குக் கணக்கும் எழுதி வைத்திருந்தனர். அக்கணக்கைக் கேட்டுப் பெறுவோர் எழுபதாண்டுகள் தோன்றவில்லை.

இனி, இப்பதிவுகளைக் கேட்டுப் பெறும் முறையைச் சுருங்க நோக்குவோம். எந்நாட்டு அலுவலகமாயினும் முதலில் வினவுவது முழுப்பெயர், சேவை இலக்கம், படைப்பிரிவு, பிறந்த நாள் ஆகியவற்றையே. விண்ணப்பிப்பவர் நெருங்கிய உறவினராயின் அவ்வுறவையும், படைவீரர் இறந்தவராயின் இறப்பையும் சான்றால் நிறுவுதல் வேண்டும். பிரித்தானியாவிற் பாதுகாப்பு அமைச்சிடமிருந்த ஏறத்தாழ 97 இலட்சம் கோவைகளை அந்நாட்டுத் தேசிய சுவடிக்கூடத்துக்கு மாற்றும் பணி 2022இல் தொடங்கியது. எனவே விண்ணப்பம் எவ்விடத்துக்குச் செல்லவேண்டும் என்பதை முதலில் உறுதிசெய்தல் நன்று. இலங்கையில், 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிரந்தரப் படை அமைவதற்கு முன்னிருந்த பாதுகாப்புப் படையினரைப் பற்றித் தேடுவோர், இலங்கைத் தரைப்படையையும் தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் நாடவேண்டியவராவர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இந்நாட்டுக் குடிமக்களுக்கு இதில் ஒரு துணையாகும். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவித்தல் வேண்டும். மறுப்பின் மேன்முறையீடும் உண்டு. தனிப்பட்டவர் பற்றிய தகவலுக்கு விதிவிலக்கு இருப்பதால், உரியவரின் எழுத்து மூலமான சம்மதத்தை இயலுமாயின் இணைத்துவிடுவது பயன் தரும்.

இவ்விதிகள் யாவும் எளியனவாகத் தோன்றினும் தமிழ்ப் பெயர் அவற்றிற் சிக்கிக்கொள்ளும். ஆங்கிலப் பதிவேடு குடும்பப் பெயரால் அடுக்கப்படுவது. தமிழருக்கோ தந்தை பெயரும் தன் பெயருமே உண்டு. கந்தையா மகன் இராமலிங்கம் ஓர் ஏட்டிற் கந்தையாவாகவும் மற்றோர் ஏட்டில் இராமலிங்கமாகவும் அடுக்கப்பட்டிருக்கலாம். எழுதிய எழுத்தன் காதிற் கேட்டவாறு எழுதியமையால் ஒரு பெயருக்கே பல எழுத்துக்கூட்டல்கள் ஏற்பட்டிருக்கலாம். ஆதலால் தேடுவோர் எல்லா வடிவங்களையும் பட்டியலிட்டுக் கேட்டல் வேண்டும். பெயர் மயங்கும் இடத்தில் இலக்கமே வழிகாட்டும். முதலாம் போரின் பிரித்தானியப் பதக்கங்களின் விளிம்பில் இலக்கமும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. இரண்டாம் போரில் பிரித்தானிய அரசு வழங்கிய நட்சத்திரப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படாமலே கொடுக்கப்பட்டன. ஆகவே இரண்டாம் போரின் வீரர் ஒருவரின் வீட்டில் எஞ்சியிருக்கும் பதக்கத்தைவிட, பழைய பெட்டியின் அடியிற் கிடக்கும் சம்பளப் புத்தகமோ விடுவிப்புப் பத்திரமோ பன்மடங்கு பெறுமதியுடையது.

தனிக்கோவை கிடைக்காதவிடத்து மாற்று வழிகளும் உள. அதிகாரிகளின் நியமனங்கள் அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்தன. தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் தலைமையகத் தாள்களும் படைப்பிரிவுகளின் போர்நாட்குறிப்புகளும் பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. ஒருவர் எப்படைப்பிரிவில் இருந்தார் என்பது தெரியின், அப்பிரிவு எந்நாளில் எங்கிருந்தது என்பதை அவற்றால் அறியலாம். இலங்கைத் தரைப்படையின் முதலாவது இலங்கையத் தளபதியாக 1955இற் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு எழுதி 1987இல் வெளியான இலங்கைப் படைவரலாறு, இந்நாட்டுப் படைப்பிரிவுகளின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் அறிய உதவும். சென் லூயிஸ் அலுவலகம் சாம்பலிலிருந்து கோவைகளை மீட்ட முறையை நாமும் கைக்கொள்ளலாம்.

தொகுத்து நோக்குமிடத்து, ஓலையேட்டுக் காலத்திலிருந்து இன்றுவரை கண்டியிற் சேவைப் பதிவின் அடிப்படைத் தன்மை மாறவில்லை என்பது புலனாகும். எழுதப்பட்டவன் உரிமை கோரினான்; எழுதப்படாதவன் சேவை மாத்திரம் செய்தான். மாறியிருப்பது ஒன்றே. அன்று லேகமே எழுதினார், லேகமே காத்தார். இன்று பிரதி கேட்கும் உரிமை சட்டத்தால் குடிமகனிடம் வந்து சேர்ந்துள்ளது. கட்டளையகம் இயங்கிய தாவரவியற் பூங்காவின் அயலிலே 1952 முதல் பல்கலைக்கழகம் ஒன்று இயங்கி வருகின்றது. அதன் மாணவர், விடுமுறையிற் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது அங்குள்ள வீடுகளில் எஞ்சியிருக்கும் சம்பளப் புத்தகங்களையும் விடுவிப்புப் பத்திரங்களையும் பார்த்து, பெயர், இலக்கம், படைப்பிரிவு என்னும் மூன்றையேனும் பிரதி செய்து வருவாராயின், தேடல்கள் பலவற்றுக்கு அவை தொடக்கமாகும். அக்காலத்தில் படையில் நின்றோரில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். கோவைகள் குளிர்ந்த அறைகளில் இன்னும் பல்லாண்டுகள் காத்திருக்கும். அவற்றை இனங்காட்டவல்ல பழந்தாள்களோ கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன.